மே கடைசியில் டெஸ்ட் ஆற்றில் ஒரு நாள்: கொடிவேரித் தூண்டில்காரனுக்கு டிரவுட் மாட்டுமா?

கொடிவேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் கோபி பக்கம், வயசு 61, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கொடிவேரி அணைக்குக் கீழே பாறைச் சந்துகளில் நாற்பது வருஷமாகத் தூண்டில் போடுகிறேன். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, மண்புழு. கெண்டை, ஜிலேபி, கெளுத்தி எல்லாம் பழக்கம்.

இப்போது சங்கதி என்னவென்றால், மகள் இங்கிலாந்தில் ஆண்டோவர் என்கிற ஊரில் இருக்கிறாள். மே மாசம் நானும் வீட்டுக்காரம்மாவும் போகிறோம். மாப்பிள்ளையின் ஆபீசில் மூத்தவர் ஒருவர், நான் மீன் பிடிக்கிற ஆள் என்று கேள்விப்பட்டு, மே 29 அன்று டெஸ்ட் ஆற்றில் ஸ்டாக்பிரிட்ஜ் பக்கம் ஒரு நாள் டிரவுட் என்கிற மீனைப் பிடிக்க வரச் சொல்லியிருக்கிறார். அதுவும் ஃப்ளை, அதாவது இறகில் கட்டிய பொய் ஈயில்தான் பிடிக்க வேண்டுமாம். மண்புழுவோடு போனால் கரையில் நிற்கவே விடமாட்டார்களாம். அந்த ஒரு நாள் கட்டணத்தை மாப்பிள்ளை சொன்னபோது கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பழகிக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் ஒரு ஃப்ளை ராட் செட் வாங்கினேன். 'புதிதாகக் கற்பவருக்கு' என்று போட்டிருந்தான். வந்ததில் ராட் 8 எண், அதாவது பெரிய மீனுக்கான கனமான கம்பு. லைன், அதாவது வீசுகிற தடித்த நூல், தண்ணீரில் மூழ்குகிற வகை. திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். சரி, போகட்டும் என்று மஞ்சள் காயப்போடும் களத்தில் நின்று வீசினேன். மூன்றாவது வீச்சில் கொக்கி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரம்மா அதைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டாள்.

கேட்க வேண்டியது இதுதானுங்க. இந்த நாற்பது வருஷப் பழக்கம் அங்கே எதற்காவது உதவுமா? மேஃப்ளை என்கிறார்களே, அது நம்ம ஈசல் மாதிரியா? இன்னொன்று, ஈ கட்டுவதற்குச் சேவலின் கழுத்து இறகுதான் வேண்டும் என்று படித்தேன். அரவக்குறிச்சிப் பக்கம் மச்சான் ஒருத்தன் கட்டுச்சேவல் வளர்க்கிறான். நாலு இறகு கொண்டு போகட்டுமா?

அவலாஞ்சி ரோடு:

அண்ணா, கோயமுத்தூரில் இருந்து எழுதுகிறேன். ஒரு காலத்தில் மீன்வளத் துறையில் பர்மிட் வாங்கிக்கொண்டு நீலகிரியில் டிரவுட் பிடித்தவன். அந்த மீன் நம் மலைக்குச் சொந்தமானது கிடையாது. 1900களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கொண்டு வந்து அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்துப் பெருக்கினார்கள். பெரும்பாலும் ரெயின்போ டிரவுட். டெஸ்டில் உங்களுக்கு மாட்டப்போவது அந்த மண்ணுக்கே உரிய பிரவுன் டிரவுட்டாக இருக்கும். உடம்பில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள், வயிற்றோரம் வெண்ணெய் நிறம்.

நான் பிடித்த முறை சுலபம். நனைந்து மூழ்கும் ஈயைக் கட்டி, ஓட்டத்துக்குக் குறுக்கே கீழ்ப்பக்கமாக வீசிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். தண்ணீரே ஈயை இழுத்துக்கொண்டு போகும், மீன் தானாக வந்து இடிக்கும். கையில் சுண்டியதும் உடனே இழுங்கள்.

காங்கேயத்து அம்மணி:

அவலாஞ்சி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சொன்ன முறையை டெஸ்டில் செய்தால் ரிவர் கீப்பர், அதாவது ஆற்றைப் பராமரிக்கிறவர், மரியாதையாக வந்து கோபி அண்ணனின் தோளைத் தட்டுவார். அங்கே அனேகமான பீட்டுகளில், பீட் என்றால் குத்தகைக்குப் பிரித்த ஆற்றுத் துண்டு, மேல்நோக்கி மட்டும்தான் வீசலாம். ஈயும் மிதக்கிற ஈயாக இருக்க வேண்டும். ஹால்ஃபோர்டு என்று ஒருத்தர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை வேதம் மாதிரி ஆக்கிவிட்டார். பக்கத்து ஆறான இட்சனில் ஸ்க்யூஸ் என்ற வக்கீல், தண்ணீருக்குள் இருக்கும் இளம்பூச்சி மாதிரி ஈ கட்டி மீன் பிடித்தார். அது முறையா என்று 1938இல் லண்டனில் ஒரு கிளப்பில் கூட்டம் போட்டே விவாதம் நடத்தினார்கள். இப்போதும் பல இடங்களில் ஜூலை வந்தபிறகுதான் அந்த மாதிரி ஈக்கு அனுமதி. நம்மூர் பங்காளிச் சண்டை தோற்றுவிடும்.

நான் காங்கேயத்துக்காரி. கல்யாணமாகி இங்கிலாந்துக்கு வந்து 14 வருஷம், அதில் ஒன்பது வருஷமாக இந்தப் பைத்தியம். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு காலத்தில் கீப்பராக இருந்தவர், அவர்தான் வாத்தியார். முதல் வருஷம் நான் பிடித்ததெல்லாம் முள்வேலி, முள்மரம், என் பின்னலும் ஒரு தடவை.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பாதி புரிந்த மாதிரி. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் தெரியுமல்லவா, கெட்டியான கல். அதே சுண்ணாம்பு இங்கே மெதுவான வெள்ளைக் கல்லாக, நகத்தால் கீறினால் மாவு உதிரும்படி மலைமலையாக இருக்கிறது. குளிர்காலத்து மழையையெல்லாம் பஞ்சு மாதிரி குடித்துக்கொண்டு, வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றில் விடும். அந்த ஊற்றுத் தண்ணீர்தான் ஆறு. உலகத்தில் இப்படி இருநூற்றுச் சொச்சம் ஆறுகள்தான், அதில் பெரும்பகுதி இங்கிலாந்தில். ஊற்றுக் கண்ணில் தண்ணீர் கோடையிலும் குளிரிலும் 10, 11 டிகிரிதான். ஆடியில் பவானி செக்கச்செவேல் என்று பொங்கி வருகிறதே, அந்தச் சங்கதியே கிடையாது. அடியில் கிடக்கும் பத்துப் பைசா தெரிகிற அளவுக்குத் தெளிவு. நீங்கள் மீனைப் பார்க்கலாம். தொல்லை என்னவென்றால் மீனும் உங்களைப் பார்க்கும்.

அதனால்தான் மேல்நோக்கி வீசுவது. மீன் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும், நீங்கள் அதன் வாலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கொடிவேரியில் பாறை மேல் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசுகிற மாதிரி இங்கே நிற்க முடியாது. குனிந்து போங்கள், தேவைப்பட்டால் முட்டி போடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்கின பச்சையோ காக்கியோ போடுங்கள். போலராய்டு கண்ணாடி, அதாவது தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, கட்டாயம், அது இல்லாவிட்டால் வானம்தான் தெரியும், மீன் தெரியாது.

மேஃப்ளை ஈசலா என்று கேட்டீர்கள். சொந்தம் கிடையாது, ஆனால் விதி ஒன்றேதான். ஈசல் மழை ஈரத்தில் புற்றிலிருந்து கிளம்பும். இது ஆற்றடிச் சேற்றில் வளை தோண்டி, பெரும்பாலும் இரண்டு வருஷம் புழுவாகக் கிடந்துவிட்டு, மே நடுவிலிருந்து ஜூன் முதல் பாதிக்குள் மேலே வரும். தண்ணீர் மட்டத்தில் தோல் வெடித்து, மங்கலான இறக்கையோடு ஒரு பூச்சி வெளியே வந்து உட்காரும். இறக்கை நிமிர்ந்திருக்கும், சின்னப் பாய்மரப் படகு மிதக்கிற மாதிரி. அதை டன் என்பார்கள். பறந்து போய்ச் செடியில் ஒண்டி, இன்னொரு தடவை தோல் உரிக்கும். இறக்கை முளைத்த பிறகும் தோலுரிக்கிற பூச்சி இந்த இனம் மட்டும்தான். போன வருஷம் ஒன்று எங்கள் கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. மறுநாள் காலை பார்த்தால் கண்ணாடியில் வெறும் சட்டை, வாலின் மூன்று இழைக்கும் உறை உட்பட அப்படியே. பூச்சி அதன் பக்கத்தில் கண்ணாடி மாதிரி இறக்கையோடு உட்கார்ந்திருந்தது. அதுதான் ஸ்பின்னர். அதற்குச் சாப்பிடும் வாயே வேலை செய்யாது. சாயங்காலம் ஆண்கள் மரத்தோரம் மேலும் கீழுமாக ஆடும். பெண் ஆற்றில் முட்டையை விட்டுவிட்டு இறக்கையை விரித்துத் தண்ணீரிலேயே படுத்துவிடும்.

இந்த இரண்டு, மூன்று வாரம் டிரவுட்டுக்குக் கிடாவெட்டு. கூச்சமெல்லாம் போய்விடும். கத்துக்குட்டி கூடப் பிடித்துவிடுவான் என்று கேலியாக 'டஃபர்ஸ் ஃபோர்ட்நைட்' என்பார்கள், அசடர்களின் இரண்டு வாரம். என்னைக் கேட்டால் பாதி பொய். ஆயிரம் நிஜப் பூச்சி மிதக்கும்போது உங்கள் பொய்ப் பூச்சியை அது ஏன் எடுக்க வேண்டும்? ஒரே ஒரு மீனைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது எத்தனை விநாடிக்கு ஒரு தடவை வாய் திறக்கிறது என்று பாருங்கள். அடுத்த வாய்க்கு உங்கள் ஈ அங்கே இருக்க வேண்டும்.

வீச்சு. நம் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னால் போகும், நரம்பு பின்னால் போகும். இதில் ஈக்கு எடையே இல்லை, லைனுக்குத்தான் எடை. நீங்கள் வீசுவது லைனை. காளை ஓட்டும் சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விசிறி, அது முழுசாக நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் கொண்டு வந்தால்தான் சொடுக்கு விழும். உங்கள் வேட்டி மாட்டியது பொறுக்காததால். பின்வீச்சில் ராடைக் கடிகாரத்தின் ஒரு மணி நிலையில் நிறுத்துங்கள், கழுத்தைத் திருப்பி லைன் நீளுவதைக் கண்ணால் பாருங்கள். அந்த 8 எண் ராடை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 9 அடி, 5 எண் ராடும் மிதக்கும் லைனும் நான் தருகிறேன், ஆண்டோவர் எனக்குப் பக்கம்தான். களத்தில் பழக உங்கள் 8 எண் ராடே போதும். கொக்கியைக் கழற்றிவிட்டுச் சிவப்பு உல்லன் நூல் கட்டுங்கள். நாற்பது அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்து, அதற்குள் நூல் விழுகிறதா என்று தினமும் அரை மணி நேரம். ஐம்பது, அறுபது அடி எல்லாம் வேண்டாம்.

இறகு விஷயம். நாட்டுச்சேவல் இறகில் தப்பில்லை. ஈயை மிதக்க வைப்பதே அந்த இறகுதான். ஆனால் பச்சை இறகைப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவராதீர்கள், இங்கே பறவை, கால்நடைப் பொருளுக்குக் கெடுபிடி அதிகம். மயிலிறகை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், நம் நாட்டிலிருந்தே கொண்டுவரத் தடை. காட்டுக்கோழி இறகு கைக்குக் கிடைத்தால் தொடவே வேண்டாம். சத்தியமங்கலம் காட்டில் கூவுகிறதே, சாம்பல் நிறக் காட்டுச்சேவல், அதன் கழுத்தில் மெழுகு சொட்டின மாதிரி மஞ்சள் புள்ளி இருக்கும். அந்த ஒரு புள்ளிக்காக வெள்ளைக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கியிருக்கிறார்கள், சால்மன் ஈ கட்ட. பிறகு ஏற்றுமதியையே இந்தியா தடை செய்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் காட்டுச் சேவல் நம் காட்டில் கூவட்டும். ஈ என்னிடம் டப்பா நிறைய இருக்கிறது.

நொய்யல்கரை:

திருப்பூரில் இருந்து. எல்லாம் சரிங்க அம்மணி, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? அவ்வளவு காசு கொடுத்து, முட்டி போட்டு, பிடித்து, விட்டுவிட்டு வருவதா? கொடிவேரிக்குப் போனால் பொரித்த மீன் தட்டில் வரும்.

காங்கேயத்து அம்மணி:

நிறைய இடத்தில் விட்டுவிட வேண்டும், சில பீட்டில் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளலாம். விதி ஆற்றுக்காரர் கையில். மாப்பிள்ளையின் ஆபீஸ்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். மீனைத் தொடும்முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், வலையைத் தண்ணீரை விட்டு எடுக்கக் கூடாது.

நொய்யல் என்று பெயரைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கிக் கிடந்த கதை எங்கள் காங்கேயத்து வயலுக்குத் தெரியும். மேஃப்ளைப் புழு அந்த மாதிரித் தண்ணீரில் ஒரு நாள் தாங்காது. இங்கேயும் எல்லாம் சொர்க்கமில்லை. சுண்ணாம்புப் பாறையிலிருந்து குடிநீருக்கு உறிஞ்சுகிறார்கள், கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது, கரையோர ஜனம் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சண்டையில் முன்னால் நிற்பது பெரும்பாலும் இந்தப் பிடித்துவிட்டு விடுகிற கூட்டம்தான்.

கொடிவேரிக்காரன்:

ரொம்ப நன்றி அம்மணி. தாம்பாளத்தை வைத்துத் தினமும் வீசுகிறேன். பத்துக்கு மூன்று உள்ளே விழுகிறது. ஒரு சந்தேகம். மீன் ஈயை எடுத்தவுடன் சுண்ட வேண்டியதுதானே? தக்கை முங்கினால் அந்த நொடியே சுண்டுவது என் கை. தூக்கத்தில் கூடச் சுண்டுவேன்.

காங்கேயத்து அம்மணி:

அண்ணா, உங்கள் மொத்தக் கதையும் இங்கேதான் மாட்டப்போகிறது. மேஃப்ளை பெரிய பூச்சி. மீன் நிதானமாக மேலே வந்து, வாய் திறந்து, எடுத்து, வாயை மூடி, தலையைக் கீழே திருப்பும். தலை திரும்பும் முன் சுண்டினால் ஈ வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மூக்கு தெரிந்ததும் மனசுக்குள் 'பண்ணாரி மாரியம்மா தாயே' என்று நிறுத்தி நிதானமாக ஒரு தடவை சொல்லுங்கள். சொல்லி முடித்து ராடைத் தூக்குங்கள், சுண்டாதீர்கள், தூக்குங்கள். கையைக் கட்டிப்போட எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

இரண்டாவது தொல்லை, லைன் ஈயை இழுப்பது. நடு ஆற்றில் வேகம், ஓரத்தில் மந்தம். லைன் வேகத்தில் விழுந்தால் ஈயைப் பிடித்து இழுக்கும், ஈக்குப் பின்னால் கப்பல் போன மாதிரி கோடு விழும். அதைப் பார்த்த மீன் அன்றைக்கு உங்களுக்கு இல்லை. லைனைக் கொஞ்சம் தொளதொளவென்று போடுங்கள். நுனி நரம்பு நாலு, ஐந்து பவுண்டு எடை தாங்குவதாக இருக்கட்டும், பெரிய ஈ காற்றில் சுழன்று மெல்லிய நரம்பை முறுக்கிவிடும். ஈ நனைந்தால் கைக்குட்டையில் ஒற்றி, மிதக்க வைக்கும் சிலிகான் களிம்பு தடவுங்கள்.

இன்னும் ஒன்று, மறந்தே போனேன். இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய யாராக இருந்தாலும் ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் போட அரசு தரும் உரிமம், வேண்டும், ஆற்றுக்காரருக்குக் கட்டும் பணம் வேறு, இது வேறு. ஆன்லைனில் ஒரு நாளுக்கு எடுக்கலாம். முந்தின நாள் ஸ்டாக்பிரிட்ஜ் கடைவீதிப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். கைக்குக் கிட்ட டிரவுட் நிற்கும், யாரும் பிடிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் பார்த்தால் நான் எழுதியதெல்லாம் வேண்டாம்.

கொடிவேரிக்காரன்:

ஆண்டோவரில் இருந்து எழுதுகிறேன். நேற்று போய் வந்தேன். பேரனுக்கு ஜுரம் என்பதால் மாப்பிள்ளை வரவில்லை, அந்தப் பெரியவரும் நானும் மட்டும்.

காலையில் ஒன்றும் இல்லை. காற்று. பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றார், நான் மகள் கட்டிக் கொடுத்த தக்காளிச் சாதம். அவரும் ஒரு வாய் வாங்கிக்கொண்டார், பிறகு தண்ணீர் குடித்தார். ஒரு மணிக்கு மேல் ஒன்று, இரண்டு என்று பூச்சி வந்தது. இரண்டரைக்கு ஆறே கிளம்பின மாதிரி. என் தொப்பி, கைப்பிடி, சாதம் இருந்த டப்பா, எல்லாவற்றிலும் உட்கார்ந்தன. வாத்துக் குஞ்சுகள் வரிசையாக வந்து கொத்தின. அம்மணி சொன்ன பாய்மரப் படகு நூற்றுக்கணக்கில் மிதந்து வந்தது, ஒவ்வொன்றாக 'ப்ளக்' என்று காணாமல் போனது.

முதல் மீன், சுண்டிவிட்டேன். இரண்டாவது, சுண்டிவிட்டேன். மூன்றாவதில் சுண்டின வேகத்தில் ஈ திரும்பி வந்து பின்னால் இருந்த மரத்தில் ஏறிக்கொண்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து இன்னொரு ஈ கொடுத்தார். அந்த நாலு நிமிஷம் எனக்கு நாற்பது வருஷமும் சேர்ந்து வெட்கமாக இருந்தது.

ஏழரை மணிக்கும் நல்ல வெளிச்சம். மரத்தோரம் பூச்சிகள் ஏறி இறங்கி ஆட ஆரம்பித்தன. அப்புறம் செத்த பூச்சிகள், சிலுவை மாதிரி இறக்கை விரித்து மிதந்து வந்தன. எதிர்க்கரைக்குக் கொஞ்சம் இப்பால் பாசித்திட்டு ஒன்று, அதன் நுனியில் ஒரு மீன். சத்தமே இல்லை, முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சுழி, அவ்வளவுதான். முட்டி போட்டேன், ஈரம் பேண்ட்டுக்குள் ஏறியது. நாலாவது வீச்சு சரியாக விழுந்தது. மூக்கு தெரிந்தது. பண்ணாரி மாரியம்மா தாயே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தூக்கினேன்.

கனம். தலையை ஆட்டிக்கொண்டு பாசிக்குள் போகப் பார்த்தது. கொடிவேரிக் கெளுத்தியும் இழுக்கும், ஆனால் இது வேறு மாதிரி, கம்பு முழுக்கக் கைக்குள் துடிக்கிறது. பெரியவர் வலையில் எடுத்தார். ஒன்றரை, ஒன்றே முக்கால் பவுண்டு இருக்கும் என்றார். சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி வெள்ளை வட்டம், யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்த மாதிரி. வலையைத் தண்ணீரிலேயே வைத்து ஈயைக் கழற்றினேன், தலையை ஓட்டத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கையில் கொஞ்ச நேரம் நின்றது. போய்விட்டது. பெரியவர் தொப்பியைத் தூக்கிவிட்டு, நான் என்ன சொன்னேன், அது என்ன மந்திரம் என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அடுத்த மீனுக்கு அவர் 'பனாரி மாரி' என்றுதான் சொன்னார், பிடித்தும் விட்டார்.

நொய்யல்கரை:

படம் எங்கேங்க? வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?

கொடிவேரிக்காரன்:

படம் எடுக்கக் கை ஏது. வீட்டுக்காரம்மா மீன் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். ஜூன் 20 ஊருக்கு வருகிறேன். அம்மணி ஆறு ஈ கொடுத்திருக்கிறாள், கொடிவேரி ஜிலேபிக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் எப்படி இருக்கிறது, யாராவது பார்த்தீர்களா?

அவலாஞ்சி ரோடு:

ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். கலங்கல் இல்லை. வாங்க, நானும் வருகிறேன்.